ஜெர்மனியின் காலனிப் பதக்கங்கள்: கிடைத்தவர்களும் கிடைக்காதவர்களும்

"அவன் பெரிய எம்டன்டா!" என்று யாராவது யாரையாவது சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். லேசுப்பட்ட ஆள் இல்லை, எமகாதகன் என்று அர்த்தம். தமிழுக்கு இந்தச் சொல்லைக் கொடுத்தது ஒரு ஜெர்மன் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 அன்று இரவு 'எம்டன்' என்ற அந்தக் கப்பல் சென்னைக்கு எதிரே வந்து நின்று, துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டுப் போனது. சென்னை உயர்நீதிமன்றச் சுற்றுச்சுவரில் இதற்காக ஒரு நினைவுக்கல் பதித்திருக்கிறார்கள். இதெல்லாம் பலருக்கும் தெரிந்த கதைதான்.

பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. அந்தக் கப்பல் ஜெர்மனியிலிருந்து வரவில்லை. சீனாவின் கிழக்குக் கரையில் உள்ள சிங்டாவ் துறைமுகம்தான் அதன் இருப்பிடம். ஜெர்மனிக்குச் சீனாவில் என்ன வேலை என்று கேட்கலாம். அன்று சிங்டாவ் ஜெர்மனியின் கையில் இருந்தது. பிரிட்டன், பிரான்ஸ், போர்ச்சுகல் போல ஜெர்மனியும் ஒரு காலனி நாடாக இருந்தது என்பதே இன்று பாதிப் பேருக்கு நினைவில்லை. அதை மறக்காமல் வைத்திருப்பவர்களில் ஒரு வகையினர் வரலாற்றுப் பேராசிரியர்கள். இன்னொரு வகையினர் பதக்கம் சேகரிப்பவர்கள்!

ஆம். ஜெர்மன் காலனிகளில் போரிட்ட சிப்பாய்களுக்குக் கொடுத்த பதக்கங்களையும், ஊர் திரும்பிய பிறகு அவர்கள் சட்டையில் குத்திக்கொண்ட சின்னங்களையும் தேடிப் பிடித்துச் சேர்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் இந்த உலோகத் துண்டுகள் ஒரு பெரிய கணக்கின் சிறிய ரசீதுகள். அந்தக் கணக்கில் யாருக்கு என்ன வரவு வைத்தார்கள், யாரைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

முப்பது ஆண்டு சாம்ராஜ்யம்

காலனி பிடிக்கும் பந்தயத்திற்கு ஜெர்மனி தாமதமாக வந்த நாடு. 1871 இல்தான் அது ஒரே நாடானது. 1884 இல் தென்மேற்கு ஆப்பிரிக்கா (இன்றைய நமீபியா), டோகோ, கேமரூன் ஆகியவற்றைப் பிடித்தது. நியூகினியின் ஒரு பகுதியும் அதே ஆண்டில் கைக்கு வந்தது. 1885 இல் கிழக்கு ஆப்பிரிக்கா. இன்றைய தான்சானியாவின் பெருநிலப் பகுதி, ருவாண்டா, புருண்டி எல்லாம் பிற்பாடு அதில் அடங்கின. 1897 இல் சீனாவின் கியாவ்சாவ் விரிகுடாவில் படையை இறக்கி, அடுத்த ஆண்டு அதைக் குத்தகை என்ற பெயரில் எடுத்துக்கொண்டது. சிங்டாவ் அங்கேதான் இருக்கிறது. ஜெர்மானியர்கள் 1903 இல் அங்கே தொடங்கிய பீர் ஆலையின் சரக்கு இன்றும் அந்த ஊர்ப் பெயரிலேயே விற்கிறது. 1900 இல் சமோவாவின் மேற்குத் தீவுகள் வந்து சேர்ந்தன.

முதல் உலகப் போரில் எல்லாமே போயிற்று. 1919 வெர்சாய் ஒப்பந்தத்தில் காலனிகள் அனைத்தையும் விட்டுக்கொடுப்பதாக ஜெர்மனி கையெழுத்திட்டது. ஆக மொத்தம் முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள்தான்.

இந்தக் காலனிகளை ஜெர்மானியர்கள் 'பாதுகாப்புப் பகுதிகள்' என்று அழைத்தார்கள். அங்கே இருந்த படைக்குப் பெயர் 'பாதுகாப்புப் படை'. யாரை யாரிடமிருந்து பாதுகாத்தார்கள் என்பது போகப் போகத் தெரியும்.

மூன்று பதக்கங்கள், ஒரு யானை

சேகரிப்பாளர்கள் முக்கியமாகத் தேடுவது நான்கு பொருள்களை.

முதலாவது, 1901 இல் இரண்டாம் வில்ஹெல்ம் மன்னர் ஏற்படுத்திய சீனப் பதக்கம். 1900 இல் சீனாவில் பாக்ஸர் கிளர்ச்சி வெடித்து, பீகிங்கில் ஜெர்மன் தூதர் கொல்லப்பட்டார். வெளிநாட்டுத் தூதரகங்கள் முற்றுகையிடப்பட்டன. பழிவாங்கப் புறப்பட்ட படையைப் பிரெமர்ஹாவன் துறைமுகத்தில் வழியனுப்பிய மன்னர், யாரையும் கைதியாகப் பிடிக்க வேண்டாம் என்ற அர்த்தத்தில் பேசியது உலகப் பிரசித்தம். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெரும்படை போய்ச் சேருவதற்கு முன்பே ஆகஸ்ட் 14 அன்று மற்ற நாட்டுப் படைகள் முற்றுகையை உடைத்துவிட்டன! ஆனாலும் பதக்கத்தின் ஒரு பக்கத்தில் ஜெர்மன் கழுகு சீன டிராகனை மிதித்து நிற்கிறது. மறுபக்கத்தில் 'வெற்றி வீரர்களுக்கு' என்ற பொருளில் வாசகம்.

இரண்டாவது, 1907 இல் வந்த தென்மேற்கு ஆப்பிரிக்கப் பதக்கம். 1904 முதல் அங்கே நடந்த போர்களுக்காகக் கொடுத்தது. இதிலும் அதே 'வெற்றி வீரர்களுக்கு'.

மூன்றாவது, 1912 இல் வந்த காலனிப் பதக்கம். மேலே சொன்ன இரண்டிலும் அடங்காத மற்றக் காலனிச் சண்டைகளுக்கெல்லாம் பொதுவாகக் கொடுத்தது.

நான்காவது கொஞ்சம் விசித்திரமானது. காலனிகளே இல்லாமல் போன பிறகு, 1922 இல், குடியரசு ஆட்சியில் வந்த 'காலனிச் சின்னம்'. ஒரு யானை, ஒரு பனைமரம், மேலே 'தென்கடல், ஆப்பிரிக்கா, கியாவ்சாவ்' என்று இழந்த இடங்களின் பெயர்கள். அதனால் 'யானை விருது' என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. முன்னாள் சிப்பாய்களின் சங்கங்கள் தங்கள் பங்குக்கு வெளியிட்ட சின்னங்கள் தனி.

முதல் இரண்டு பதக்கங்களும் இரண்டு உலோகங்களில் வந்தன. போரில் நேரடியாக ஈடுபட்டவர்களுக்கு வெண்கலம். சண்டை போடாமல் உதவியவர்களுக்கு எஃகு. போராளி யார், போராளி அல்லாதவர் யார் என்று அரசு இத்தனை துல்லியமாகப் பிரித்துப் பார்த்தது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எதிர்த்தரப்பு விஷயத்தில் இந்தப் பிரிவினை என்ன ஆயிற்று என்பதைப் பிறகு பார்ப்போம்.

சேகரிப்பவர் எதைப் பார்க்கிறார்?

பதக்கத்தின் விலையைத் தீர்மானிப்பது அதில் உள்ள உலோகம் அல்ல. எடைக்குப் போட்டால் ஒரு டீ குடிக்கக்கூட மிஞ்சாது. எத்தனை வெளிவந்தன, எத்தனை பேர் கேட்கிறார்கள் என்ற தேவை - அளிப்புக் கணக்குதான் இங்கேயும். சீனாவுக்கும் தென்மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் ஆயிரக்கணக்கில் சிப்பாய்கள் போனதால் அந்த இரண்டு பதக்கங்களும் தனியாகப் பார்த்தால் அவ்வளவு அபூர்வமில்லை.

விலையை ஏற்றுவது ரிப்பன் மேல் மாட்டும் சிறிய பெயர்த்தகடுகள். எந்தச் சண்டையில் கலந்துகொண்டாரோ அந்த இடத்தின் பெயரைப் பொறித்த தகட்டை வீரர் மாட்டிக்கொள்ளலாம். சீனப் பதக்கத்தில் 'டாகு', 'தியன்சின்', 'பீகிங்'. தென்மேற்கு ஆப்பிரிக்கப் பதக்கத்தில் 'ஹெரேரோலாந்து', 'வாட்டர்பெர்க்', 'ஒமாஹேகே', 'கலஹாரி'. காலனிப் பதக்கத்தில் காலனியின் பெயரும் ஆண்டும். ஒரே பதக்கத்தில் நான்கைந்து தகடுகள் இருந்தால் மதிப்பு பல மடங்கு ஏறும்.

மதிப்பு ஏறும் இடத்தில் போலியும் வரும். பதக்கம் அசலாக இருக்கும், தகடு நேற்றுச் செய்ததாக இருக்கும். அதனால் அனுபவப்பட்டவர்கள் சில எளிய சோதனைகளைச் செய்கிறார்கள். காந்தத்தை அருகில் வைத்தால் எஃகு ஒட்டும், வெண்கலம் ஒட்டாது. ரிப்பனைப் புற ஊதா விளக்கின் கீழ் பிடித்தால், பிற்காலச் செயற்கை நூலும் வெளுப்பு ரசாயனமும் பளிச்சென்று ஒளிரும். பழைய பருத்தியும் பட்டும் அப்படி ஒளிராது. அச்சில் அடித்த அசலில் எழுத்து விளிம்புகள் கூர்மையாக இருக்கும். அசலை வைத்து வார்ப்பு எடுத்த போலியில் அவை மழுங்கியிருக்கும்.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய சாட்சி காகிதம். பதக்கத்தோடு கொடுத்த சான்றிதழ், சிப்பாயின் சேவைக் குறிப்பேடு, ஒரு புகைப்படம். இவை கூட இருந்தால் அது ஒரு மனிதனின் வாழ்க்கை. இல்லாவிட்டால் வெறும் உலோகம். ஒரே ஆள் வரிசையாகத் தைத்து அணிந்த ஐந்து பதக்கங்களை வியாபாரிகள் சிலர் பிரித்துத் தனித்தனியாக விற்றுவிடுவார்கள். ஐந்து பேரிடம் விற்றால் லாபம் அதிகம் அல்லவா? ஆனால் அந்த நிமிடத்தில், ஒருவன் எங்கிருந்து எங்கே போனான் என்ற தகவல் அழிந்துவிடுகிறது.

இப்படிப் பிரிக்காத ஒரு வரிசையில் சீனப் பதக்கமும் தென்மேற்கு ஆப்பிரிக்கப் பதக்கமும் பக்கத்தில் பக்கத்தில் தொங்குவதைப் பார்க்கலாம். சீனாவில் பழகிய ஆட்களையே ஆப்பிரிக்காவுக்கும் அனுப்பினார்கள். பின்னாளில் ஜெர்மனியில் பெரும் நாயகனாகக் கொண்டாடப்பட்ட பவுல் ஃபான் லெட்டோ-ஃபோர்பெக் அப்படி இரண்டு இடத்திலும் இருந்தவர். தென்மேற்கு ஆப்பிரிக்காவின் தளபதியாக வந்த லோதர் ஃபான் டிரோதாவும் அப்படித்தான்.

'வாட்டர்பெர்க்', 'ஒமாஹேகே'

இப்போது அந்தத் தகடுகளில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

தென்மேற்கு ஆப்பிரிக்காவில் ஹெரேரோ மக்கள் மாடு வளர்ப்பவர்கள். மாடுதான் செல்வம், மாடுதான் மரியாதை. 1897 இல் வந்த மாட்டுக் கொள்ளைநோய் அவர்களின் மந்தைகளில் பெரும்பகுதியைக் கொன்றது. கைமுதல் போன மக்களுக்கு ஜெர்மன் வியாபாரிகள் கடனுக்குப் பொருள் கொடுத்தார்கள். விலையை அவர்களே வைத்தார்கள், வட்டியையும் அவர்களே வைத்தார்கள். கடனுக்கு ஈடாக மிச்சமிருந்த மாடும் நிலமும் போய்க்கொண்டிருந்தன. 1903 இல் காலனி அரசு, ஓராண்டுக்குள் வசூலிக்காத கடன் செல்லாது என்று ஒரு உத்தரவு போட்டது. கடன்காரர்களைக் காப்பாற்ற நினைத்துப் போட்ட உத்தரவு, நேர்மாறாக வேலை செய்தது. காலக்கெடு முடிவதற்குள் வசூலித்துவிட வேண்டும் என்று வியாபாரிகள் எல்லோரும் ஒரே நேரத்தில் மந்தைகளின் மேல் பாய்ந்தார்கள்!

1904 ஜனவரி 12 அன்று சாமுவேல் மகாரேரோ தலைமையில் ஹெரேரோக்கள் எழுந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட ஜெர்மானியர்கள் கொல்லப்பட்டனர். பெண்களையும் குழந்தைகளையும் மதபோதகர்களையும் தொடக்கூடாது என்பது மகாரேரோவின் கட்டளை.

ஜெர்மனி ஆயிரக்கணக்கில் படையை அனுப்பியது. தளபதி டிரோதா. 1904 ஆகஸ்ட் 11 அன்று வாட்டர்பெர்க் என்ற குன்றின் அடிவாரத்தில், குடும்பங்களோடும் மாடுகளோடும் கூடியிருந்த ஹெரேரோக்களைச் சுற்றி வளைத்துத் தாக்கினார்கள். உயிர் தப்பியவர்களுக்கு ஓட ஒரே ஒரு திசைதான் இருந்தது. கிழக்கே, ஒமாஹேகே. அது நீரில்லாத மணல்வெளி. ஜெர்மன் படை அதன் விளிம்பில் நின்று, திரும்பி வரவிடாமல் நீர்நிலைகளைக் காவல் காத்தது. அக்டோபர் 2 அன்று டிரோதா எழுத்துப்பூர்வமாக உத்தரவு போட்டார். ஜெர்மன் எல்லைக்குள் இருக்கும் எந்த ஹெரேரோவும், துப்பாக்கி வைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும், சுடப்படுவார். பெண்களையும் குழந்தைகளையும் இனி ஏற்பதில்லை, விரட்டுவோம் அல்லது சுடுவோம்.

போராளிக்கு வெண்கலம், அல்லாதவருக்கு எஃகு என்று தன் ஆட்களைப் பிரித்து வைத்த அரசு இது. எதிர்த்தரப்பில் அந்தப் பிரிவினை இல்லவே இல்லை.

அந்த உத்தரவு டிசம்பரில் பெர்லினில் இருந்து ரத்து செய்யப்பட்டது. அதற்குள் ஆயிரக்கணக்கானோர் தாகத்தில் இறந்துவிட்டார்கள். பிடிபட்டவர்களை முகாம்களில் அடைத்து ரயில்பாதை வேலைக்கும் துறைமுக வேலைக்கும் விட்டார்கள். 1904 இறுதியில் தெற்கே நாமா மக்களும் எழுந்தார்கள். அவர்களின் தலைவர் ஹெண்ட்ரிக் விட்போய் 1905 அக்டோபரில் போரில் இறந்தார். நாமாக்களும் ஹெரேரோக்களும் லூடரிட்ஸ் ஊரை ஒட்டிய சுறாத் தீவு முகாமில், குளிர்ந்த கடற்காற்றில் கொத்துக் கொத்தாக இறந்தார்கள். போருக்கு முன் ஹெரேரோக்கள் சுமார் 80,000 பேர் இருந்ததாக மதிப்பிடுகிறார்கள். 1911 கணக்கெடுப்பில் சுமார் 15,000 பேர். நாமாக்களில் ஏறக்குறைய பாதிப் பேர் போய்விட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் முதல் இனப்படுகொலை என்று வரலாற்றாளர்கள் இதைச் சொல்கிறார்கள்.

அந்த மணல்வெளியின் பெயரைத்தான் சின்னத் தகட்டில் பொறித்து, ரிப்பனில் மாட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். சேகரிப்பாளர்களின் விலைப்பட்டியலில் 'ஒமாஹேகே' ஒரு தகட்டின் பெயர். ஹெரேரோ வீடுகளில் அது பாட்டன் பூட்டன் செத்த இடத்தின் பெயர்.

கிழக்கே ஒரு கணக்கு

காலனிப் பதக்கத்தின் தகடுகளில் ஒன்று 'ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்கா 1905/07'. மாஜி மாஜி எழுச்சியை அடக்கியதற்காகக் கொடுத்தது. கட்டாயப் பருத்திச் சாகுபடிக்கும் வரிக்கும் எதிராக மக்கள் கிளம்பினார்கள். மந்திரித்த நீரைத் தெளித்துக்கொண்டால் துப்பாக்கிக் குண்டும் நீராகிவிடும் என்ற நம்பிக்கையில் எந்திரத் துப்பாக்கிகளுக்கு முன் போய் நின்றார்கள். சுவாஹிலியில் 'மாஜி' என்றால் நீர். எழுச்சியை அடக்க ஜெர்மானியர்கள் பயிரையும் தானியக் குதிர்களையும் எரித்தார்கள். குண்டில் செத்தவர்களை விடப் பஞ்சத்தில் செத்தவர்கள் அதிகம். குறைந்த மதிப்பீடு 75,000, அதிக மதிப்பீடு 3,00,000.

இந்த வேலையைச் செய்த படையில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கச் சிப்பாய்கள். அஸ்காரிகள் என்று பெயர். அதிகாரிகள் மட்டும் ஜெர்மானியர்கள். ஒரே போரில் ஒரே பக்கம் நின்றாலும் அஸ்காரிக்கு வேறு பதக்கம். 'போர்வீரர் தகுதிப் பதக்கம்' என்று ஒன்றை அவர்களுக்காகப் பயன்படுத்தினார்கள்.

1914 இல் உலகப் போர் வந்தபோது இதே அஸ்காரிகள்தான் லெட்டோ-ஃபோர்பெக்கின் பலம். 1914 நவம்பர் தொடக்கத்தில் டாங்கா துறைமுகத்தைப் பிடிக்க இந்தியாவிலிருந்து சுமார் 8,000 பேர் கொண்ட படையைப் பிரிட்டன் அனுப்பியது. எதிரே இருந்தது ஏறத்தாழ ஆயிரம் பேர். ஆனாலும் தோற்றது பிரிட்டன் பக்கம்தான். சண்டைக்கு நடுவே கலைந்த தேனீக்கள் சிப்பாய்களைத் துரத்தித் துரத்திக் கொட்டிய கதை மிகவும் பிரபலம். அங்கே இறங்கிய பட்டாளங்களில் ஒன்றின் பெயர் நமக்கு நெருக்கமானது. '63 ஆவது பாளையங்கோட்டை இலகு காலாட்படை'. பாளையங்கோட்டைப் பெயரைச் சுமந்த இந்தியச் சிப்பாய்களும் ஆப்பிரிக்க அஸ்காரிகளும் யாருடைய சண்டைக்காக ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள் என்பது யோசிக்க வேண்டிய கேள்வி.

நான்கு ஆண்டுகள் காட்டுக்குள் போர் நடத்திய லெட்டோ-ஃபோர்பெக், ஐரோப்பாவில் போர் முடிந்து இரண்டு வாரம் கழித்து, 1918 நவம்பர் 25 அன்றுதான் சரணடைந்தார். 1919 மார்ச்சில் பெர்லின் பிராண்டன்பர்க் வாயில் வழியாக வெற்றி வீரனைப் போல ஊர்வலம் வந்தார். அவருடைய படைக்காகச் சாமான் சுமந்து, பசியிலும் நோயிலும் இறந்த ஆப்பிரிக்கச் சுமைதூக்கிகள் எத்தனை பேர்? ஜெர்மன் தரப்பில் அதற்குச் சரியான கணக்கே வைக்கவில்லை. யானைச் சின்னம் தோழர்களின் நினைவைப் போற்றியது. சுமைதூக்கிகள் அந்தத் தோழர் பட்டியலில் இல்லை.

பதக்கம் கேட்டவர்

பேரேட்டில் இடம் இல்லாத இவர்களில் ஒருவர் மட்டும் நேராகப் போய் 'என் பாக்கி எங்கே?' என்று கேட்டார்.

மஹ்ஜூப் பின் ஆதம் முகமது. 1904 இல் தார் எஸ் சலாமில் பிறந்தவர். அப்பா அஸ்காரி. உலகப் போர் தொடங்கியபோது பத்து வயதுப் பையன். அப்பாவோடு இவரும் ஜெர்மன் படையில் சேர்க்கப்பட்டார். 1917 இல் மஹிவா சண்டையில் காயப்பட்டுப் பிரிட்டிஷாரிடம் பிடிபட்டார். போர் முடிந்து பல வேலைகள் பார்த்து, 1929 இல் பெர்லினுக்கே வந்து சேர்ந்தார். பாயூமே முகமது ஹூசேன் என்ற பெயரில் அங்கே அறியப்பட்டார். உணவகத்தில் பரிமாறினார், பல்கலைக்கழகத்தில் சுவாஹிலி சொல்லிக்கொடுத்தார், காலனிக் கதைப் படங்களில் சின்னச் சின்ன வேடம் போட்டார்.

வந்தவுடன் அவர் முதலில் கேட்டது தனக்கும் அப்பாவுக்கும் வர வேண்டிய சம்பளப் பாக்கியை. காலம் கடந்துவிட்டது என்று மறுத்துவிட்டார்கள். 1934 ஜூலையில் உலகப் போரில் பங்கெடுத்தவர்களுக்கெல்லாம் ஒரு கௌரவச் சிலுவை அறிவிக்கப்பட்டது. முன்னணியில் நின்று போரிட்டவர்களுக்கு அதில் தனி வகை. சண்டையில் குண்டடி பட்டவர் என்ற தகுதியில் ஹூசேனும் மனுப் போட்டார். அதுவும் மறுக்கப்பட்டது. காரணம் தோலின் நிறம்.

பிறகு என்ன செய்தார் தெரியுமா? பதக்கம் விற்கும் கடையில் காசு கொடுத்துத் தானே வாங்கி அணிந்துகொண்டார்! அஸ்காரிச் சீருடையும் பதக்கமுமாகக் காலனிக் கூட்டங்களில் நின்றார். காலனிகளைத் திரும்பப் பெற வேண்டும் என்று கத்திக்கொண்டிருந்த அந்தக் கூட்டங்களுக்கு, 'விசுவாசமான அஸ்காரி' என்று காட்ட ஓர் ஆள் தேவைப்பட்டது. நிற்க இடம் கொடுத்தார்கள், பதக்கத்தை மட்டும் கொடுக்கவில்லை.

1941 இல் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுடன் உறவு வைத்திருந்ததாக அவரைக் கைது செய்தார்கள். விசாரணை எதுவும் இல்லாமல் சாக்சன்ஹவுசன் வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். 1944 நவம்பர் 24 அன்று அங்கே இறந்தார். 2007 இல் பெர்லினில் அவர் வாழ்ந்த வீட்டின் முன் நடைபாதையில் ஒரு சிறு பித்தளைக் கல்லைப் பதித்தார்கள். ஜெர்மன் மண்ணில் அவருடைய பெயருக்குக் கிடைத்த ஒரே உலோகம் அதுதான்.

துடைப்பக் கட்டையும் சம்பளப் பாக்கியும்

அஸ்காரிகளுக்கு எதுவுமே கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. 1964 இல், லெட்டோ-ஃபோர்பெக் இறந்த அதே ஆண்டில், உயிரோடு இருக்கும் அஸ்காரிகளுக்குப் பணம் கொடுக்க மேற்கு ஜெர்மன் நாடாளுமன்றம் முடிவெடுத்தது. விக்டோரியா ஏரிக்கரையில் முவான்சா ஊரில் நடந்ததாக ஒரு கதை வரலாற்று நூல்களில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. சுமார் 350 கிழவர்கள் வந்து வரிசையில் நின்றார்கள். 1918 இல் கொடுத்த சான்றிதழை வைத்திருந்தவர்கள் வெகு சிலரே. பணம் கொடுக்க வந்த ஜெர்மானியருக்கு ஒரு யோசனை தோன்றியது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு துடைப்பக் கட்டையைக் கொடுத்து, ஜெர்மன் மொழியில் துப்பாக்கிப் பயிற்சிக் கட்டளைகளைச் சொன்னார். ஒருவர்கூடத் தவறவில்லையாம்!

கேட்கும்போது சிரிப்பு வரும் கதை. கொஞ்சம் நின்று யோசித்தால் சிரிப்பு நின்றுவிடும். ஜெர்மன் சிப்பாய்க்கு வெண்கலமும் தகடும் சான்றிதழும் இருந்தன. அஸ்காரிக்கு நாற்பத்தாறு ஆண்டுகள் கழித்தும் உடம்பில் மிச்சமிருந்த பயிற்சி ஒன்றுதான் அத்தாட்சி.

சேகரிக்கலாமா?

இந்தப் பதக்கங்களைச் சேகரிப்பது தவறா என்று சிலர் கேட்கிறார்கள். மன்னராட்சிக் காலத்துப் பதக்கங்களில் ஸ்வஸ்திக் கிடையாது. அதனால் நாஜிப் பொருள்களைக் காட்சிக்கு வைப்பதில் ஜெர்மனியில் உள்ள சட்டச் சிக்கல் இவற்றுக்கு இல்லை. கேள்வி சட்டத்தைப் பற்றியது அல்ல.

தூக்கி எறிந்துவிட்டால் நடந்தது இல்லை என்று ஆகிவிடாது. உண்மையில், ஒமாஹேகேயில் யார் இருந்தார்கள் என்பதற்கு அந்தத் தகடும் கூட வந்த சான்றிதழும்தான் கையில் பிடித்துக் காட்டக்கூடிய சாட்சி. கொடுத்தவர்கள் பெருமைக்காகக் கொடுத்தார்கள். இன்று அது ஒப்புதல் வாக்குமூலமாக இருக்கிறது. தவறு எங்கே வருகிறது என்றால், 'வாட்டர்பெர்க் தகடு, நல்ல நிலை' என்று எழுதி அதோடு நிறுத்திக்கொள்வதில். ரிப்பனின் நிறம், காந்தச் சோதனை, விளிம்பின் கூர்மை எல்லாம் தெரிந்த ஒருவருக்கு வாட்டர்பெர்க்கில் என்ன நடந்தது என்பது மட்டும் தெரியவில்லை என்றால், அவருடைய சேகரிப்பில் முக்கியமான ஒன்று குறைகிறது. வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாத கணக்குப் புத்தகத்தை எந்தத் தணிக்கையாளரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

அந்தச் செலவுப் பக்கம் இப்போதுதான் மெல்ல எழுதப்படுகிறது. 2004 இல், நூறாண்டு நிறைவின்போது, ஜெர்மன் அமைச்சர் ஹைடெமரி வீச்சொரெக்-சோய்ல் நமீபியாவுக்கே போய் மன்னிப்புக் கேட்டார். ஆய்வுக்கென்று ஜெர்மனிக்கு எடுத்துச் செல்லப்பட்டிருந்த மண்டையோடுகள் 2011 முதல் சில தவணைகளாகத் திரும்பின. வின்ட்ஹுக் நகரில் 1912 இல் மன்னரின் பிறந்தநாளன்று திறந்த ஜெர்மன் குதிரைவீரன் சிலையை 2013 டிசம்பரில் அகற்றினார்கள். 2021 மே மாதம் ஜெர்மன் அரசு நடந்ததை இனப்படுகொலை என்று அறிவித்து, 30 ஆண்டுகளில் 110 கோடி யூரோ தருவதாகச் சொன்னது. இழப்பீடு என்ற சொல்லைத் தவிர்த்துவிட்டார்கள், எங்களைக் கேட்காமல் பேசி முடித்துவிட்டார்கள் என்று ஹெரேரோ, நாமா அமைப்புகள் பலவும் எதிர்த்தன. 2025 மே 28 அன்று நமீபியா முதல் முறையாக இனப்படுகொலை நினைவு நாளைக் கடைப்பிடித்தது.

ஹெரேரோக்கள் இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. தப்பிப் போய் அயல்நாட்டில் இறந்த சாமுவேல் மகாரேரோவின் உடல் 1923 ஆகஸ்ட்டில் ஒகஹாண்ட்ஜாவுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்யப்பட்டது. அதிலிருந்து ஆண்டுதோறும் ஆகஸ்ட்டில் அங்கே கூடுகிறார்கள். ஆண்கள் சீருடை அணிந்து அணிவகுத்து முன்னோரின் கல்லறைகளுக்கு நடக்கிறார்கள். அந்தச் சீருடை ஒரு காலத்தில் தங்களைச் சுட்ட ஜெர்மன் படையின் சீருடையிலிருந்து வந்தது! தோளிலும் மார்பிலும் பதவிப் பட்டைகளும் சின்னங்களும் உண்டு. எந்த மன்னரும் கொடுத்ததல்ல, அவர்களே வைத்துக்கொண்டவை. விலைப்பட்டியல்களில் அவற்றைத் தேடினால் கிடைக்காது. அவை விற்பனைக்கு இல்லை.